இனிகோ வாத்தியாரின் ஜன்னலுக்கு நேரே

இசபெல்லாவின் மணல் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அவள் பிள்ளைகள் மேல் வைத்திருந்த பிரியத்தைத்தான் சொல்வார்கள். பிரியம் இருந்தது, பொய்யில்லை. ஆனால் அது பிறகு வந்தது. ஒரு மனிதனைக் கீழே தள்ளுவதற்காகத்தான் அவள் அந்தப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கினாள். இதை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை. கேட்டவர்களிடம், "இனிகோ வாத்தியாரைக் கவுக்கத்தான் ஆரம்பிச்சேன்" என்று மீன் விலை சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

புன்னைக்காயலில் பிறந்தவள். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தாள். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்த்த மனுவேலுக்கு வாழ்க்கைப்பட்டுத் தூத்துக்குடிக்கு வந்தாள். மாதா கோயிலுக்குப் பின்னால், கடற்கரைக்கு இறங்குகிற சந்து ஒன்றில் ஓட்டுவீடு. மனுவேல் வீட்டில் இருந்த நாளைவிடக் கடலில் இருந்த நாள்தான் அதிகம். வீட்டில் அவளும் மகன் பாஸ்கலும்.

பாஸ்கல் வாயாடிப் பிள்ளை. சந்தில் போகிறவர்களை நிறுத்தி வைத்துப் பேசுவான். கரையில் பொறுக்கிய சிப்பிகளை வாசலில் பெரியது சிறியது என்று வரிசையாக அடுக்குவான். பிறகு எல்லாவற்றையும் கலைத்துவிட்டு வெள்ளை ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம் என்று வேறு மாதிரி அடுக்குவான். சோற்றுக்குக் கூப்பிட்டால், "இரு, இதுக்குக் கூட்டாளி கிடைக்கல்ல" என்பான்.

ஐந்து வயதானதும் சந்து முனையில் இருந்த இனிகோ வாத்தியாரின் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அது 1941ஆம் வருஷத் தொடக்கம். அந்தப் பள்ளிக்கூடம் வாத்தியாருடைய சொந்தப் பள்ளிக்கூடம். சர்க்கார் மானியமும் உண்டு. குடிப்பவரோ, யாரையும் ஏமாற்றுபவரோ அல்ல அவர். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டும், நேரத்துக்குப் பூசையும், அளந்த பேச்சுமாக இருந்த மனிதர். அவரிடம் படித்தவர்கள் துறைமுகத்திலும் சுங்க ஆபீசிலும் குமாஸ்தாக்களாக இருந்தார்கள். விளையாட்டுப் புத்தியை ஐந்து வயதிலேயே அறுத்தெறியாவிட்டால் பிள்ளை உருப்படாது என்பது அவருடைய கட்சி. சின்னப் பிள்ளைகளுக்குப் பிரம்பு கிடையாது, உள்ளங்கைதான். அதை அவர் இரக்கம் என்று நினைத்திருந்தார்.

சேர்க்கப் போன அன்று, எல்லாத் தாய்மாரும் சொல்வதைத்தான் இசபெல்லாவும் சொன்னாள். கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள், மற்றதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அந்தக் காலத்தில் அது ஒரு மரியாதைப் பேச்சு. அதைச் சொல்லாமல் பிள்ளையை விட்டுவிட்டு வந்தால்தான் வாத்தியார் முகம் சுளிப்பார்.

பாஸ்கல் வகுப்பில் எல்லாரோடும் சேர்ந்து "அ, ஆ" என்று கத்திக்கொண்டே பெஞ்சுக்கு அடியில் புளியங்கொட்டைகளை வரிசை வைத்துக்கொண்டிருந்தான். வாத்தியார் பின்னால் வந்து நின்றது அவனுக்குத் தெரியவில்லை. இடது காதோடு சேர்த்து ஒரு அறை. பிள்ளை பெஞ்சோடு சரிந்து விழுந்தான். கொட்டைகள் தரையெல்லாம் சிதறின. அதைப் பொறுக்கி வெளியே எறியச் சொன்னார். பொறுக்கி எறிந்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு தானே வீடு வந்து சேர்ந்தான். இசபெல்லா கையை விலக்கிப் பார்த்தபோது ரத்தம் கழுத்து வரைக்கும் வடிந்து காய்ந்திருந்தது.

காய்ச்சல் கண்டது. சீழ் பிடித்தது. ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், உள்ளே சவ்வு கிழிந்துவிட்டது, அந்தக் காது இனி கேட்காது என்று சொன்னார். காய்ச்சல் ஒருவழியாக இறங்கியது. அதற்கப்புறம்தான் இன்னொன்று தெரிந்தது. பிள்ளை பேசுவதை நிறுத்தியிருந்தான். பசித்தால் அடுக்களை வாசலில் வந்து நிற்பான். சிப்பியைக் கொடுத்தால் வாங்கிக் கீழே வைத்துவிடுவான்.

இசபெல்லா பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசற்படியில் நின்று சொன்னாள்.

"பிள்ளைக்கு ஒரு காது போச்சு, வாத்தியாரே."

அவர் சாக்குக்கட்டியைக் கீழே வைக்கவில்லை. "நான் கண்ணைத் தொடலியே" என்றார். "கண்ணை விட்டுட்டு மத்ததைப் பாத்துக்கிடுங்கன்னு நீதானே ஏளா சொன்ன? மத்ததுல காதும் சேத்திதான்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அவர் சிரித்ததால் வகுப்பும் சிரித்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை சின்னப் பிள்ளைகளும், எதற்கென்று தெரியாமல், பயத்தில் பல்லைக் காட்டினார்கள்.

இசபெல்லா பிற்பாடு எத்தனையோ பேரிடம் இந்தக் கதையைச் சொன்னாள். அறையைப் பற்றிச் சொல்லும்போது அவள் குரல் மாறாது. அந்தச் சிரிப்பைச் சொல்லும்போதுதான் மாறும். தன் வாயில் இருந்து எடுத்த சொல்லாலேயே தன்னை அடித்துவிட்டார் என்பதை அவளால் செரிக்க முடியவில்லை.

தோணி திரும்பியதும் மனுவேல் விஷயத்தைக் கேட்டுக் குதித்தான். பூசை முடிந்து வருகிற வழியில் அந்த ஆளைப் பிடித்து, இரண்டு கையையும் முறித்துவிட்டு ஜெயிலுக்குப் போகிறேன் என்றான். அவள் தடுத்தாள்.

"கை முறிஞ்சா வைத்தியர் கட்டுப் போடுவாரு, கூடிப்போகும். ஊரும் அவரு பக்கம் நின்னு அழும். எனக்கு அது காணாது" என்றாள்.

என்னதான் செய்யப் போகிறாய் என்று கேட்டான். தெரியாது என்றாள். உண்மையிலேயே தெரியவில்லை. அதற்கப்புறம் வாரம் தவறாமல் மாதாவுக்கு முன்னால் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஒன்று பிள்ளை பேசுவதற்கு. மற்றொன்று எதற்கு என்று கோயிலில் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மறு வருஷம் ஈஸ்டர் அன்று கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். தூத்துக்குடிக்கும் வருவான் என்று பாதி ஊர் கிளம்பிப்போனது. மதராசும் காலியானது. மதராசில் இருந்து அப்படித் திரும்பி வந்தவர்களில் ஒருத்தி பகவதி, கருப்பட்டி வியாபாரி ஒருவருடைய மகள். கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் புருஷனைப் பறிகொடுத்தவள். தகப்பனார் துணிந்து படிக்க அனுப்பியிருந்தார். அவள் படித்துவிட்டு வந்தது சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டாலேயே கல்வி கொடுக்கும் முறை. தகப்பனார் சரக்கு வைக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த வளவில், குடும்பத்துப் பிள்ளைகளையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் கூட்டி வைத்துக்கொண்டு விளையாட விட்டாள்.

ஊருக்கு அது வேடிக்கையாக இருந்தது. தெருவில் இல்லாத மணலா, இதற்கு ஒரு பள்ளிக்கூடமா என்றார்கள். பேசாத பிள்ளைகளையும் அங்கே சேர்த்துக்கொள்கிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இசபெல்லா பாஸ்கலைக் கூட்டிக்கொண்டு போனாள்.

பகவதி பிள்ளையிடம் பெயரைக் கேட்கவில்லை. ஊர் என்ன என்று கேட்கவில்லை. மண் சட்டிகளும் சிரட்டைகளும் தண்ணீர்த் தொட்டியும் இருந்த மூலையைக் காட்டிவிட்டு விலகிப் போய்விட்டாள். பாஸ்கல் பல நாள் சும்மா பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். பிறகு ஒருநாள் ஒரு சிரட்டையை எடுத்துத் தண்ணீர் மொண்டு பெரிய சட்டியில் ஊற்றினான். நிறையவில்லை. மறுபடி மொண்டான். தொட்டியில் தண்ணீர் தீர்ந்துபோனது. திரும்பி, சற்றுத் தள்ளி நின்ற பகவதியைப் பார்த்து, "இன்னும் வேணும்" என்றான்.

இசபெல்லா அங்கேயே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று பகவதி நினைத்தாள். அது உண்மைதான், ஆனால் பாதிதான். அழுதுகொண்டே அவள் நினைத்தது இதுதான்: இப்படி ஒன்று இருக்கிறதென்று ஊருக்குத் தெரிந்தால் அந்த ஆளிடம் எவள் பிள்ளையை அனுப்புவாள்? தேடிக்கொண்டிருந்த ஆயுதம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது.

அன்றிலிருந்து அவள் பகவதியின் வளவை விட்டு நகரவில்லை. கூட இருந்து செய்தாள், கேட்டாள், கற்றாள். பிள்ளை அடுக்குவதைத் திருத்தாதே, அதுவாகவே தப்பைக் கண்டுபிடிக்கட்டும். கேட்டால் ஒழிய உதவிக்குப் போகாதே. தராசு வைத்தால் நிஜத் தராசு வை. எழுத்தை முதலில் விரலால் மணலில் தடவட்டும், பலகை அப்புறம். பகவதி சொன்ன ஒவ்வொன்றையும் அவள் கத்தி தீட்டுகிறவள் போலக் கற்றுக்கொண்டாள். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இசபெல்லா சற்று மூத்தவள் என்பதால் பகவதி அவளை அக்கா என்றாள். இவ்வளவு பொறுமையான ஒருத்தியைத் தான் பார்த்ததில்லை என்று தகப்பனாரிடம் சொல்லி மகிழ்ந்தாளாம்.

1944இல் இசபெல்லா தனியாகத் தொடங்கினாள். இடம் கொடுத்தவர் உப்பு வியாபாரி தாணுலிங்கம் அண்ணாச்சி. அவருடைய பேரப்பிள்ளைகள் பகவதியிடம் விளையாடி, பிறகு பெரிய பள்ளிக்கூடத்தில் தடுமாறாமல் படித்தார்கள். அந்த நன்றி. அவரிடம் இரண்டு இடம் சும்மா கிடந்தது. ஒன்று இரண்டு வேப்பமரம் நின்ற நல்ல வளவு. மற்றொன்று கூரை சரிந்த பழைய உப்புக் கிட்டங்கியும் அதன் முன்னால் மரமே இல்லாத முற்றமும். வேப்பமரத்து வளவை எடுத்துக்கொள்ளச் சொல்லி அண்ணாச்சியும் சொன்னார், பகவதியும் சொன்னாள். இசபெல்லா கிட்டங்கி முற்றத்தைக் கேட்டாள். அது இனிகோ வாத்தியாரின் சின்ன வகுப்பு ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. நடுவில் சந்து மட்டும்தான்.

மனுவேல் தோணிப் பாய்த் துணியைக் கட்டி நிழல் போட்டுக் கொடுத்தான். பனை மட்டையால் வேலி அடைத்தான். ஆள் உயரத்துக்கு அடைத்ததை அவள் பாதியாக வெட்டச் சொன்னாள். உள்ளே நடப்பது வெளியே தெரியுமே என்றான். தெரியட்டும் என்றாள்.

முதலில் வந்தவை பஞ்சாலைக்கும் உப்பளத்துக்கும் வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகள். விட்டுவிட்டுப் போக இடமில்லாமல் தூணில் கட்டிப்போட்டுப் போகிற பிள்ளைகள். முற்றத்தின் ஒரு மூலையில் கடற்கரை மணல், இன்னொரு மூலையில் ஆற்று மணல். சிப்பி, சோழி, பனங்கொட்டை. முத்து சலிக்கிற மாதிரிக் கண் பெரிது, கண் சிறிது என்று ஓலையால் முடைந்த சல்லடைகள். உடைந்த தோணியில் இருந்து எடுத்த கப்பியும் கயிறும். பிள்ளைகள் துறைமுகம் கட்டினார்கள். ஒருத்தன் தோணி, ஒருத்தி சுங்க அதிகாரி. சரக்கை எண்ணி, நிறுத்து, பேர் சொல்லித்தான் இறக்க வேண்டும். எண்ணத் தெரியாதவன் கேலிக்கு ஆளாகிறான் என்பதாலேயே எண்ணக் கற்றுக்கொண்டான். கத்தலும் சிரிப்பும் சந்து முழுக்கக் கேட்டது.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் கண் தானாகவே இந்தப் பக்கம் போனது. போன கண்ணுக்கு அடி விழுந்தது. மறுநாளும் போனது. மறுநாளும் விழுந்தது. இனிகோ வாத்தியார் ஜன்னலை அடைத்துப் பார்த்தார். சித்திரை வெயிலில் உள்ளே பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள், திறந்தார். திறந்தால் மறுபடி கண் போயிற்று. உள்ளங்கை போய்ப் பிரம்பு வந்தது. அடிபட்ட பிள்ளைகள் வீட்டில் போய் அழுதார்கள். எதிரே விளையாடுகிற பிள்ளை சாயங்காலம் அதே தெருவில் உட்கார்ந்து, கடைப் பலகையில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்தது. தாய்மார் இரண்டையும் பார்த்தார்கள். ஒவ்வொரு பிள்ளையாகச் சந்தைக் கடந்து இந்தப் பக்கம் வந்தது.

அவள் கணக்குப் போட்டபடியே நடந்தது. அடிச் சத்தமும் அழுகையும் தினமும் அவள் காதில் விழுந்தது. அது தன் வேலியால்தான் விழுகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். வேலியை ஒரு முழம் உயர்த்திக் கட்டினால் போதும். அவள் கட்டவில்லை.

இதைக் கண்டுபிடித்தது பகவதிதான். ஒருநாள் பார்க்க வந்தவள் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தபோது எதிரே ஒரு பெண்பிள்ளை வீறிட்டது. பகவதி பதறித் திரும்பினாள். இசபெல்லா திரும்பவில்லை. சல்லடையில் மணல் சலித்துக்கொண்டிருந்த பையனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பகவதி அவளைக் கிட்டங்கிக்குள் கூட்டிப்போனாள்.

"வேலியை ஏன் இப்படித் தாழ்த்தி வச்சிருக்கீங்கக்கா?"

"அங்கன உள்ள பிள்ளைகளுக்குத் தெரியணும்."

"தெரிஞ்சா அடிக்காரே."

"அடிக்கட்டும். அடிக்க அடிக்கத்தான் இங்கன வரும்."

பகவதி வாசல் வழியாக அந்த ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, "பிள்ளைகளை வச்சா பழி வாங்குதீங்க?" என்று கேட்டாள்.

"எம் பிள்ளையை வச்சுத்தானே அவரு ஆரம்பிச்சாரு" என்றாள் இசபெல்லா.

நான் கற்றுக்கொடுத்தது இதற்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் பகவதி போனாள். அதற்கப்புறம் வெகு காலம் அந்தச் சந்துக்கு வரவில்லை. இசபெல்லாவுக்கு அது வலித்தது. ஆனால் வேலி அப்படியேதான் இருந்தது. இதை நான் சேர்த்துச் சொல்லாவிட்டால் அவளைப் பற்றிப் பாதிதான் சொன்னதாகும்.

இனிகோ வாத்தியார் சும்மா இருக்கவில்லை. பங்குச் சாமியாரிடம் போனார். பரதவர் பிள்ளையும், நாடார் பிள்ளையும், துலுக்கப் பிள்ளையும், சக்கிலியப் பிள்ளையும் ஒரே சட்டியில் அள்ளி ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுகின்றன, செபம் இல்லை, ஒழுங்கு இல்லை என்று முறையிட்டார். சாமியார் ஒருநாள் காலையில் வந்து வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். நேரமாகியும் போகவில்லை. கடைசியில் இசபெல்லாவைக் கூப்பிட்டு, குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை முடைய இந்தப் பிள்ளைகளை அனுப்புவாயா என்று கேட்டுவிட்டுப் போனார். நகரசபைக்கும் மனுப் போனது. கூரை சரிந்திருக்கிறது என்று சொன்னார்கள், தாணுலிங்கம் அண்ணாச்சி கூரையைச் சரிசெய்து கொடுத்தார். அதோடு அதுவும் முடிந்தது.

சின்ன வகுப்புக் காலியான பிறகு அதற்கு மேல் வகுப்புக்கு ஆள் வரவில்லை. மானியம் குறைந்தது. உதவி வாத்தியார்கள் இரண்டு பேரும் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். தேசத்துக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அவர் பள்ளிக்கூடத்தை மூடினார்.

பெஞ்சுகளை வண்டியில் ஏற்றிய அன்று இசபெல்லா வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். கடைசிப் பெஞ்சு போகிறவரை எழுந்திருக்கவில்லை. அவர் ஒருதரம் இந்தப் பக்கம் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பழி தீர்த்தவர்களுக்கு மனசு வெறுமையாகிவிடும் என்று கதைகளில் சொல்வார்கள். இவளுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயங்காலம் ஆட்டுக்கறி வாங்கிவரச் சொல்லி, மிளகு போட்டு வறுத்து, மனுவேலுக்கும் பாஸ்கலுக்கும் பரிமாறித் தானும் வயிறாரச் சாப்பிட்டாள். வெகு நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாளாம்.

மறு வருஷம் இனிகோ வாத்தியாருடைய மகள் பிளாரன்ஸ் புருஷன் வீட்டில் இருந்து பிள்ளையோடு தகப்பனார் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பிள்ளை மெற்றில்டாவுக்கு நான்கு வயது. அம்மாவைக் காணாவிட்டால் மூச்சடைக்க அழுகிற பிள்ளை. தாத்தாவிடம்தான் ஒட்டிக்கொள்ளும். பிள்ளையை நடத்திக் கூட்டிப்போகிற தூரத்தில் சேர்க்க இசபெல்லாவின் முற்றத்தைத் தவிர இப்போது வேறு இடமில்லை. அந்த நிலைமையை உண்டாக்கியவள் அவள்தான்.

தாத்தா பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு சந்தைக் கடந்து வந்தார். கோட்டு அதேதான், பொத்தான் ஒன்று குறைந்திருந்தது. முடியாது என்று சொல்லிவிடுவாள் என்றுதான் வேடிக்கை பார்த்தவர்கள் நினைத்தார்கள். இசபெல்லா பிள்ளையைச் சேர்த்துக்கொண்டாள். புதுப் பிள்ளையோடு வருகிறவர்கள், பிள்ளை தானாகக் கையை விடுகிறவரை கூடவே இருக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். எல்லாத் தாய்மாருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னாள். நாற்காலி கொடுக்கவில்லை. யாருக்கும் கொடுப்பதில்லை.

இனிகோ வாத்தியார் மணலில் உட்கார்ந்தார். முழங்கால் மடங்காமல் கையை ஊன்றி உட்கார்ந்தார். அவரைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடினார்கள், மேலே மணல் தெறித்தது. எதிரே அவருடைய பழைய ஜன்னல் பூட்டிக் கிடந்தது.

அந்த வாரத்திலேயே ஒருநாள் மத்தியானம் பாஸ்கல் தாய்க்குச் சோறு கொண்டுவந்தான். வளர்ந்து, மேலுதட்டில் மயிர் கருக்கத் தொடங்கிய வயது. வாத்தியாருக்கு இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்று தூக்குச்சட்டியை இறக்கினான். அவனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மணி என்ன என்று கேட்டார். அவன் திரும்பவில்லை. மறுபடியும் கேட்டார். பிறகு பழைய வழக்கத்தில் குரல் உயர்ந்துவிட்டது.

"ஏலே, கேக்குதேன்லா. காது கேக்கலியா ஒனக்கு?"

இசபெல்லா தண்ணீர்த் தொட்டியருகே இருந்து எழுந்து வந்தாள். மெதுவாகத்தான் சொன்னாள். "கேக்காது, வாத்தியாரே. அந்தப் பக்கம் அவனுக்குக் கேக்காது. இந்தப் பக்கம் வந்து கேளுங்க."

அவர் பையனின் முகத்தைப் பார்த்தார், காதைப் பார்த்தார். வாய் திறந்தபடியே இருந்தது. பாஸ்கல் ஒன்றும் அறியாமல் சட்டியை வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் அவர் பேத்தியைக் கூட்டிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் வந்தார். இசபெல்லா முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள். "அம்மா" என்று கூப்பிட்டார். ஏளா என்று கூப்பிடவில்லை. "அன்னைக்கு நான் உம் பிள்ளையை..." என்று தொடங்கினார்.

"பிள்ளை பாக்கா" என்று அவள் குறுக்கே சொன்னாள். "அவளைக் கவனிங்க." துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிறகும் இரண்டொரு தடவை அவர் வாயெடுத்தார். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு வேறு வேலை வந்தது. மன்னிப்புக் கேட்கிற சுகத்தை அவருக்குக் கொடுக்க மாட்டேன் என்று அவள் மனுவேலிடம் சொன்னாள்.

மெற்றில்டா பைய இளகினாள். முதலில் தாத்தாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டே சிப்பி பொறுக்கினாள். பிறகு கோட்டை விட்டாள். பிறகு துறைமுகத்துக்குப் போய்ச் சரக்கு இறக்கினாள். ஒருநாள் காலையில் வந்ததும் தாத்தாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சல்லடையைத் தேடி ஓடினாள். வழக்கப்படி அன்றே அவரிடம், இனி நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். இசபெல்லா சொல்லவில்லை. அவர் தினமும் வந்தார். தினமும் மணலில் உட்கார்ந்தார். வெயில் ஏறியபோது நிழல் நகர்ந்தது, அவர் நகர்ந்து உட்கார்ந்தார். மழைக்காலம் வந்து அவருக்கு நெஞ்சில் சளி கட்டும்வரை அவள் சொல்லவேயில்லை.

அந்தச் சளிதான் நிமோனியா ஆயிற்று. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள், உயிர் தங்கவில்லை. கோயிலில் துக்க மணி அடித்தபோது முற்றத்தில் பிள்ளைகள் இருந்தார்கள். இசபெல்லா பள்ளிக்கூடத்தை மூடவில்லை. அடக்கத்துக்கும் போகவில்லை. மனுவேல் போனான்.

சில நாள் கழித்துப் பிளாரன்ஸ் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டாள். மெற்றில்டா அழவில்லை. ஒரு நீளச் சிப்பியை எடுத்து ஓலைத் துண்டில் வைத்தாள். அதன் மேல் துணி போட்டாள். நான்கு பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னாள். ஒருத்தனைச் சாமியார் ஆக்கினாள். குழி தோண்டி, சிப்பியை வைத்து மணலால் மூடினார்கள். வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் இசபெல்லா.

மெற்றில்டா அவளிடம் வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "டீச்சர், நீங்க இங்கன இருங்க. நீங்க அழணும்" என்றாள்.

இசபெல்லா உட்காராமல் நின்றாள். அந்த நேரம் பார்த்து, வெகு காலம் வராமல் இருந்த பகவதி சந்தில் வந்துகொண்டிருந்தாள். பிளாரன்ஸுக்கு ஆறுதல் சொல்லப் போய்விட்டு இந்தப் பக்கம் எட்டிப்பார்க்க வந்தவள். அவளும் வேலிக்கு வெளியே நின்றுவிட்டாள்.

"இருங்க டீச்சர்" என்றாள் பிள்ளை மறுபடி.

இசபெல்லா அந்த மணல் மேட்டின் அருகில் உட்கார்ந்து, முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு அழுகிற சத்தம் கொடுத்தாள்.

"இன்னும் சத்தமா."

இன்னும் சத்தமாக அழுதாள். பிள்ளை திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத் தானும் அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். பிள்ளை மட்டும் நிஜமாகவே அழுதாள். இசபெல்லா அந்தச் சின்ன முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். வெகு நேரம் இருந்தாள். மற்றப் பிள்ளைகள் சாமியார் ஆட்டத்தை விட்டுவிட்டுத் துறைமுகத்துக்குத் திரும்பினார்கள்.

பிள்ளைகள் போன பிறகு பகவதி உள்ளே வந்தாள். மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டாள்.

இசபெல்லா முந்தானையை விரித்துக் காட்டினாள். மணல்தான் ஒட்டியிருந்தது, ஈரமில்லை.

"அவருக்கு எங்கிட்ட ஒரு சொட்டு கிடையாது" என்றாள். "அந்தப் பிள்ளை வேற. நாளைக்கும் அழுன்னு சொன்னா, நாளைக்கும் அழுவேன்."

பகவதி கிட்டங்கிக்குள் போய் இன்னொரு துடைப்பத்தை எடுத்து வந்தாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து கலைந்து கிடந்த மணலை அதனதன் மூலையில் கூட்டிச் சேர்த்தார்கள்.